அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, கூலண்ட் மட்டும் குறைந்தது: ஹெட் கேஸ்கட் மாற்றி மூன்று வருட அனுபவம்

2022 மார்ச்சில் என் காரின் ஹெட் கேஸ்கட்டை மாற்றினேன். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில், எரியும் வாயு, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் மூன்றும் கலக்காமல் அடைக்கும் தகடு அது. 2006 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. அப்போது 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,74,000 தாண்டிவிட்டது. கம்பெனி பெயர் சொல்லவில்லை; எந்த வண்டிக்கும் வரக்கூடிய பழுதுதான் இது. வேலை தாக்குப்பிடிக்கிறதா என்று நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம், வேலை நாகர்கோவிலில். 2021 நடுவில் ரிசர்வ் டேங்கில் கூலண்ட் மாதம் ஒருமுறை குறைய ஆரம்பித்தது, அப்புறம் வாரம் ஒருமுறை ஆனது. வண்டி நின்ற இடத்தில் ஈரமே இல்லை. குறையும்போதெல்லாம் கிணற்று வெள்ளத்தை (எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம்) ஊற்றி ஓட்டினேன். கடற்கரையோரக் கிணறு, லேசாக உப்புக் கரிக்கும்.

டெம்பரேச்சர் முள் திங்கள்சந்தை நெரிசலில் நடுவிலேயே நின்றது. குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்கு ஏறும்போதுதான் மேலே போனது. இந்த வித்தியாசத்தை அன்றே கவனித்திருக்க வேண்டும். நெரிசலில் மட்டும் சூடானால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்கலாம். ஏற்றத்தில், எஞ்சின் பாரம் இழுக்கும்போது சூடானால் அடைபட்ட ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்று தேடவேண்டும்.

முதலில் காட்டிய வொர்க்‌ஷாப்பில் எந்தச் சோதனையும் செய்யாமல் கூலண்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றினார்கள். போதாததற்கு ரேடியேட்டரில் ஒழுகலை அடைக்கும் மருந்து ஒன்றையும் ஊற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதைதான். அந்த மருந்து ரேடியேட்டர் குழாய்களுக்குள் சேறாகப் படிந்திருந்ததைப் பின்னால் கண்ணால் பார்த்தேன். கேஸ்கட் சந்தேகம் இருக்கும் வண்டியில் அதை ஊற்ற விடாதீர்கள்.

அக்டோபர் மழையில் ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பசை மாதிரி படிந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கேஸ்கட் போச்சு என்றார்கள். அது மட்டும் போதிய சாட்சி ஆகாது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் தினமும் குறைந்த தூரமே ஓடினால் எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் உள்ளே நீராவி தங்கி, ஆயிலோடு கலந்து மூடியில் இப்படிப் படியும். என் வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகவே இருந்தது.

கடைசியில் தக்கலைப் பக்கம் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் ஸ்பேனரைத் தொடும் முன் வண்டியை ராத்திரி அங்கேயே விடச் சொன்னார். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று சத்தம். "பாத்தியா மக்கா, ராத்திரி முழுக்க ஆறின வண்டி. இந்த பிரஷர் எங்கேருந்து வந்துது?" என்றார். சூடான எஞ்சினில் இந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எஞ்சின் இன்னும் குளிர்ச்சி, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டது. சிலிண்டரில் எரியும் வாயு கூலண்ட் பாதைக்குள் புகுந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் இறுகும். அடுத்து, நீலத் திரவம் நிரப்பிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தார். புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது மஞ்சளாகும். ஐந்து நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் மூன்று பழுப்பு, இரண்டாவது மட்டும் கழுவி வைத்தது போல வெளுப்பு. அந்தச் சிலிண்டரில் தண்ணீர் புகுந்து ஆவியாகிக் கழுவியிருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, மற்றவற்றில் 170 பிஎஸ்ஐ பக்கம், இதில் 135. பிளக்குகள் இல்லாமலே கை பம்பால் ரேடியேட்டருக்கு 1 பார் அழுத்தம் கொடுத்து, சற்று நேரம் கழித்து எஞ்சினைச் சுற்ற வைத்தார். இரண்டாவது ஓட்டையிலிருந்து கூலண்ட் தெறித்தது. "வெள்ளம் வெளியே ஒழுகல்ல, எஞ்சினுக்க உள்ளதான் போவுது, கேட்டியா" என்றார். இதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

கூலண்டையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வைத்தோம். காலையில் அடியில் துரு, நடுவில் காப்பி நிறத் தண்ணீர், மேலே ஆயில் படலம். ஆயில் சுத்தமாக இருக்க, கூலண்டில் மட்டும் எப்படி ஆயில் வந்தது என்று கேட்டேன். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டைவிட அதிகம், அதனால் ஆயில்தான் அந்தப் பக்கம் தள்ளப்படும் என்றார். இந்தப் பாட்டில் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

ஹெட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. அலுமினிய ஹெட்டில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரித்துக் குழி விழுந்திருந்தது, எல்லாம் உப்பு வெள்ளத்தின் வேலை. நம் ஊரில் பனி உறையாது, கூலண்ட் எதற்கு என்று நானும் நினைத்தேன். கூலண்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையும் ஏறுகிறது. வெறும் வெள்ளம் ஊற்றிக்கொண்டே போனால் இரண்டும் நீர்த்துப்போகும். நேர்விளிம்பு வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் 0.1 மில்லிமீட்டர் வளைவு; 0.05 தாண்டினாலே பொதுவாக விட மாட்டார்கள். நாகர்கோவில் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தினோம். போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக முறுக்கினார். இந்த இடத்தில் கைக்கணக்குப் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேஸ்கட்டைவிடக் கூலண்ட் பாதையைச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் ஆனது. ஆயில் பட்ட ஹோஸ்கள் ஊறிக் கொழகொழவென்று இருந்தன, எல்லாவற்றையும் மாற்றினோம். அடைபட்ட ரேடியேட்டருக்குப் பதில் புதிது. ஆயில் படலம் வருவது நிற்கும்வரை நான்கு முறை கழுவினோம். வடித்த கூலண்டைத் தென்னை மூட்டில் ஊற்றிவிடலாமா என்று கேட்டேன், அவர் விடவில்லை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். கேனில் அடைத்து வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள், மொத்தம் 19,500 ரூபாய். முதல் வொர்க்‌ஷாப்பில் கொடுத்த 6,000 தனி. ஆயிரம் கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை இன்னொரு முறை மாற்றினேன்.

இப்போது ஊற்றுவது கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. டிக்கியில் அதே கலவை ஒரு லிட்டர் எப்போதும் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன், பச்சைக் கூலண்டையும் ஆரஞ்சுக் கூலண்டையும் கலப்பதில்லை. பேச்சிப்பாறை ஏற்றத்தில் முள் நடுவிலேயே நிற்கிறது. போன ஞாயிறு காலையில், வண்டி எடுக்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். சத்தம் வரவில்லை, கூலண்ட் விளிம்பு வரை பச்சையாக நின்றது.