'கொள்ளை' என்று தேடினால்: தமிழ்ப் பேரகராதி, இணையத்தில்

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. கைபேசிச் செயலிகளில் 'கொள்ளை' என்று தட்டினால் 'திருட்டு' என்பதோடு கதை முடிந்துவிடும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அப்படி ஏய்க்காது. 'கொள்' என்ற வேரைக் காட்டிவிட்டுத்தான் பொருளுக்கே போகிறது: சூறையாடுவது, மிகுதி, ஊரை வாரிக்கொண்டு போகும் நோய். 'கொள்ளை அழகு' என்று கொஞ்சுவதற்கும் 'கொள்ளைநோய்' என்று நடுங்குவதற்கும் ஒரே வேர்! (கவனித்தீர்களா, கொள்ளையைத்தான் 'அடிக்கிறோம்', திருட்டை அடிப்பதில்லை.) சுருக்கக்குறிகள் பழகக் கொஞ்சம் நாளாகும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். நாளெல்லாம் திறந்தே வைத்திருக்கிறேன்.