பெயர்ப்பட்டியலில் தெரியும் முட்டுக்கட்டை: ஹான்சார்டு இணையதளம் ஒரு மதிப்பீடு

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் உரைகளையும் வாக்கெடுப்புகளையும் பதிவு செய்யும் ஹான்சார்டின் இணையதளத்தை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான பிரெக்ஸிட் ஒப்பந்தம் 2019-இன் தொடக்கத்தில் கீழவையில் எப்படிச் சிக்கிக்கொண்டது என்பதைப் புரிந்துகொள்வதற்காக, அம்மாதங்களின் பதிவுகளைத் தேதிவாரியாகப் படித்தேன்.

இத்தளத்தின் உண்மையான மதிப்பு உரைகளில் இல்லை, வாக்கெடுப்புப் பக்கங்களில் இருக்கிறது. அன்றைய பிரதமர் தெரசா மேயின் ஒப்பந்தம் ஜனவரி 15 அன்று 202-க்கு 432 என்றும், மார்ச் 12 அன்று 242-க்கு 391 என்றும், மார்ச் 29 அன்று 286-க்கு 344 என்றும் தோற்றதைச் செய்தித்தாள்களே சொல்லிவிட்டன. அந்த எண்களுக்குப் பின்னால் நின்றவர்களின் பெயர்களை ஹான்சார்டு தருகிறது. பிரதமரின் சொந்தக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 118, 75, 34 என்று குறைந்துகொண்டே வந்தார்கள். மூன்றாம் முறை போரிஸ் ஜான்சனும் ஜேக்கப் ரீஸ்-மாக்கும் ஆதரவுப் பக்கம் வந்துவிட்ட பிறகும், விலகலையே விரும்பாத டொமினிக் கிரீவும், அந்த ஒப்பந்தம் போதிய விலகல் அல்ல என்று கருதிய ஸ்டீவ் பேக்கரும் எதிர்ப்போர் பட்டியலில் சேர்ந்தே இருக்கிறார்கள். எதிரெதிர் காரணங்களுக்காக ஒரே பக்கம் வாக்களித்த இவர்களை எந்தத் திருத்தத்தால் ஒருசேரத் திருப்திப்படுத்தியிருக்க முடியும்?

காரணங்களுக்கு உரைகளைத்தான் நாட வேண்டும். அயர்லாந்துத் தீவில் மீண்டும் கடுமையான எல்லைச் சோதனை வராமல் தடுப்பதற்கான ‘பேக்ஸ்டாப்’ ஏற்பாட்டை, அரசு நம்பியிருந்த வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் 10 உறுப்பினர்களே ஏன் ஏற்கவில்லை என்பது அவர்களுடைய பேச்சிலேயே கிடைக்கிறது. ஆயினும் ஒரே வாதம் வாரந்தோறும் திரும்ப வருவதால், பொறுமை இல்லாதவர்கள் பட்டியல்களை முதலில் பார்த்துவிட்டு உரைகளுக்குச் செல்வது நல்லது.

மார்ச் 27-இன் பதிவைத் தவறவிடக் கூடாது. அன்று 8 மாற்று வழிகள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்துடன் பொதுவான சுங்க வரி ஏற்பாட்டை வைத்துக்கொள்ளும் சுங்க ஒன்றிய யோசனை 273-க்கு 276 என்று மூன்றே வாக்குகளில் விழுந்தது.

எழுத்துப் பதிவுக்கே உரிய எல்லை ஒன்று உண்டு. அவையில் எழுந்த கூச்சல் ‘குறுக்கீடு’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. சபாநாயகர் ஜான் பெர்கோவின் புகழ்பெற்ற ‘ஆர்டர்’ முழக்கமும் தாளில் சாதுவாகவே தெரிகிறது. ஆனால் ஏற்கெனவே நிராகரித்த தீர்மானத்தை மாற்றமின்றி மறுபடி கொண்டுவர முடியாது என்று 1604 வரை செல்லும் மரபைக் காட்டி மார்ச் 18 அன்று அவர் அளித்த விளக்கம், காணொளியைவிட எழுத்தில்தான் தெளிவாக விளங்குகிறது.

ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிக்க நேரமுண்டு என்பவர்கள் ஏப்ரல் 3-ஐத் திறக்கலாம். மாற்று வழிகள் மீது இன்னொரு சுற்று வாக்கெடுப்புக்கு நாள் ஒதுக்கலாமா என்ற கேள்வியே அன்று 310-க்கு 310 என்று சமமாக நின்றது. 1993-க்குப் பிறகு அவை காணாத அந்தச் சமநிலையை, மரபுப்படி எதிர்ப்புப் பக்கம் தம் வாக்கை அளித்து சபாநாயகர் முடித்துவைத்தார்.