மின் ஸ்கூட்டருக்கு மாற்று பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய பேட்டரி தளர்ந்துபோய், மின் ஸ்கூட்டருக்கு மாற்று பேட்டரி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனது" என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பேட்டரி எந்த ஆய்வகத்துக்கும் போகாதது. வீட்டுக்குள் சார்ஜில் இருந்தபோது அதன் பெட்டி ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. பிளாஸ்டிக் நெளிந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல ஒரு இனிப்பு வாடை அறை முழுக்கப் பரவியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டில் இருந்த எல்லோரையும் வெளியே கூட்டிப் போனோம். தீப்பிடிக்கவில்லை, நெடுநேரம் கழித்துத் தானாக ஆறியது. பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

விற்றவர்கள் காகிதம் எதுவும் இல்லாமல் விற்கவில்லை. கேட்டவுடனே பிடிஎஃப் கோப்புகளை வரிசையாக அனுப்பினார்கள். முத்திரை, கையெழுத்து, ஆய்வகத்தின் பெயர், ரிப்போர்ட் எண் எல்லாம் இருந்தன. பின்னால் ஒவ்வொன்றாக விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: அவற்றில் பெரும்பாலானவை போலி அல்ல. உண்மையான காகிதங்கள்தான், ஆனால் ஒன்றுகூட என் பேட்டரியைப் பற்றியது அல்ல. இந்த ஏமாற்று இப்படித்தான் நடக்கிறது.

முதல் கோப்பு எம்எஸ்டிஎஸ். உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் தகவல் தாள் அது. அதை எழுத யாரும் எதையும் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஐஎஸ்ஓ 9001. ஒரு நிறுவனம் தன் வேலையை ஒழுங்கான முறைப்படி நடத்துகிறதா என்பதற்கான சான்று, பொருளின் பாதுகாப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. மூன்றாவது சிஇ அறிவிப்பு, அதாவது பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்துப்போகிறது என்ற அறிவிப்பு. பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே கையெழுத்திட்டுக் கொடுப்பது. என்னிடம் வந்ததில் மாடல் பெயரே வேறு.

நான்காவதுதான் பலரையும் நம்ப வைப்பது: யுஎன் 38.3 ரிப்போர்ட். இது ஐ.நா. சோதனைக் கையேட்டின் 38.3 பிரிவு. லித்தியம் செல்களையும் பேட்டரிகளையும் விமானத்திலும் கப்பலிலும் லாரியிலும் பத்திரமாக அனுப்ப முடியுமா என்று பார்ப்பதற்கானது. உயரத்தில் பறக்கும்போது இருக்கும் குறைந்த காற்றழுத்தம், 72 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் மைனஸ் 40 டிகிரி குளிருக்கும் மாறி மாறிப் போவது, அதிர்வு, மோதல், 57 டிகிரி சூட்டில் ஷார்ட் சர்க்யூட், நசுக்கல், ஓவர்சார்ஜ், கட்டாய டிஸ்சார்ஜ் என்று மொத்தம் 8 சோதனைகள். நல்ல சோதனைதான். ஆனால் அது அனுப்பி வைப்பதற்கான சோதனை. ஆண்டுக்கணக்கில் குண்டும் குழியுமான சாலையில், மழையில் ஓடி, நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏறி இறங்கும் பேட்டரியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொன்று, எனக்கு வந்த ரிப்போர்ட் ஒற்றைச் செல்லுக்கானது. செல் தேறியிருந்தாலும் அவற்றைக் கோர்த்துச் செய்த பேக்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அதே 38.3 சொல்கிறது. ரிப்போர்ட் எண்ணை எழுதி அந்த ஆய்வகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த எண் எங்களுடையதுதான், ஆனால் வேறொரு தயாரிப்பாளரின் செல்லுக்குக் கொடுத்தது, பேட்டரி எதையும் நாங்கள் அதில் சோதிக்கவில்லை என்று பதில் வந்தது.

பேட்டரி வேலை தெரிந்த ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். (நீங்களாகத் திறக்காதீர்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போதும்.) லேபிளில் 48 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் என்று இருந்தது. உள்ளே 13 வரிசை, வரிசைக்கு 10 செல். கணக்கு எளிது: 30 வர வேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லும் 3 ஆம்பியர்-அவர் கொடுக்க வேண்டும். அவர் அளந்து பார்த்த செல்களில் பல 2-ஐக்கூடத் தொடவில்லை. புத்தம்புது நீல உறையை உரித்தால் அடியில் பழைய ஸ்பாட் வெல்டிங் தழும்புகள். எங்கோ தேய்ந்துபோன பேக்குகளிலிருந்து பிரித்தெடுத்து, புது உறை மாட்டிய செல்கள். ஒரே வரிசையில் இரண்டு மூன்று கம்பெனிகளின் செல்கள் கலந்திருந்தன. செல்களைக் கண்காணித்து, ஆபத்து வந்தால் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டிய பிஎம்எஸ் போர்டில் வெப்ப சென்சார் மாட்டும் இடம் காலியாக இருந்தது. பெட்டிமேல் ஐபி67 என்று ஒட்டியிருந்தார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகக் கூடாது என்று அர்த்தம். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை.

"அண்ணே, இது ஓடினதே பெரிய விஷயம்" என்றார் அவர்.

தேய்ந்த செல்களைக் கலந்து கோர்ப்பது வெறும் தூரம் குறையும் பிரச்சினை அல்ல. சார்ஜ் ஏறும்போது பலவீனமான வரிசை மற்ற வரிசைகளுக்கு முன்பே நிரம்பிவிடும். சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்டேஜைத்தான், 54.6 வரும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். நிரம்பிய வரிசை 4.2 வோல்ட்டைத் தாண்டும்போது வெட்டிவிட வேண்டியது பிஎம்எஸ். அது மட்டமானதாக இருந்தால் அந்த வரிசை ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, ஒரு நாள் ஏதோ ஒரு செல்லுக்குள் ஷார்ட் ஆகும். சூடு ஏறி ஏறி, சுமார் 130 டிகிரியில் உள்ளிருக்கும் பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகைச் செல்களில் கேத்தோடே, அதாவது செல்லின் நேர்முனையே, ஆக்சிஜனை வெளியே விடும். வெளிக்காற்றை மறைத்து அணைக்க முடியாத தீ என்று சொல்வது இதனால்தான். பக்கத்துச் செல் சூடேறும், பிறகு அதன் பக்கத்துச் செல். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை இன்னும் அதிக சூடு தாங்கும், ஆனால் அதையும் இப்படிக் கோர்த்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாகன பேட்டரிக்கென்று எழுதப்பட்ட விதிகள் இந்தச் சங்கிலியைத்தான் குறிவைக்கின்றன. இருசக்கர, மூன்று சக்கர மின்வாகனங்களுக்கு ஐ.நா. ஒழுங்குமுறை எண் 136, கார்களுக்கும் பெரிய வண்டிகளுக்கும் எண் 100. இவற்றில் முழு பேக்கையும் அதிர வைக்கிறார்கள், சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள், நெருப்பு மேல் காட்டுகிறார்கள், வேண்டுமென்றே ஓவர்சார்ஜும் ஷார்ட்டும் செய்து பிஎம்எஸ் வெட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகும் பேட்டரியைக் கீழேயும் போட்டுப் பார்க்கிறார்கள். இந்தியாவில் 2022-ல் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த பிறகு இருசக்கர, மூன்று சக்கர மின்வாகனங்களுக்கான இந்தியத் தரமான ஏஐஎஸ் 156-ல் மூன்றாவது திருத்தம் வந்தது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்து, தீ பேக் முழுக்கப் பரவுகிறதா என்று பார்க்கும் சோதனை அதில் உண்டு. சீனாவின் கார் பேட்டரி விதியான ஜிபி 38031, 2020 பதிப்பில், ஆபத்துக்கு 5 நிமிடம் முன்பே பயணிகளுக்கு எச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று கேட்டது. 2026 ஜூலை 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025 பதிப்பு, தீயே பிடிக்கக் கூடாது, வெடிக்கவும் கூடாது என்கிறது. நியூயார்க் நகரம் 2023-ல் யுஎல் 2271 என்ற பேட்டரி பாதுகாப்புத் தரத்தின் சான்று இல்லாத பேட்டரியை மின்சைக்கிள், ஸ்கூட்டருக்கு விற்கக் கூடாது என்றதோடு, பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்லில் புதிதாகக் கோர்ப்பதையும் தடை செய்தது. என் பேட்டரியில் செய்திருந்த வேலை அதேதான்.

விற்றவரிடம் திரும்பப் போனபோது, "சார், செல்லுக்கு டெஸ்ட் இருக்குல்ல, அப்போ பேட்டரிக்கும் இருக்குன்னுதானே அர்த்தம்" என்றார். பேட்டரியைத் திறந்தபோது எடுத்த படங்களைக் காட்டியதும் பேச்சு மாறியது. "நீங்க வேற சார்ஜர் போட்டிருப்பீங்க சார்." சார்ஜரும் அவர்கள் கொடுத்ததுதான். அப்புறம் ஃபோனை எடுப்பதே இல்லை. நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். ஆய்வகத்தின் மின்னஞ்சலைத்தான் முதல் ஆதாரமாக வைத்திருக்கிறேன். அதே விளம்பரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்கும் முன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். சோதித்த பொருள் என்ற இடத்தில் செல் என்று இருக்கிறதா, பேட்டரி பேக் என்று இருக்கிறதா? மாடல் எண், வோல்ட், ஆம்பியர்-அவர் மூன்றும் உங்கள் பேட்டரியின் லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான ரிப்போர்ட்டின் கடைசியில் திறந்த பேக்கின் படங்கள் இருக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் விட்டுவிட்டு அனுப்பினால் முழுக் கோப்பையும் கேளுங்கள். ஆய்வகத்துக்கு, சோதனை செய்யும் திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கே இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் விட, ரிப்போர்ட் எண்ணை ஆய்வகத்துக்கு நேரடியாக அனுப்பிக் கேளுங்கள், விற்பவர் கொடுக்கும் தொடர்பு எண்ணில் அல்ல. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: வண்டிக்குக் கிடைத்த ஒப்புதல் அதனோடு வந்த பேட்டரியையும் சேர்த்துத்தான். அளவு பொருந்துகிறது, கனெக்டர் பொருந்துகிறது என்பதால் வேறு பேட்டரிக்கு அந்த ஒப்புதல் வந்துவிடாது. முடிந்தால் வண்டி தயாரிப்பாளர் தரும் பேட்டரியையே வாங்குங்கள். விலை அதிகம்தான், எனக்கும் தெரியும்.

ஏற்கெனவே இப்படி ஒன்று உங்களிடம் இருந்து, சந்தேகம் வந்துவிட்டால் அதை இனி சார்ஜ் செய்யாதீர்கள். ஆறிய நிலையில் இருந்தால் வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையில் போடாமல் லித்தியம் பேட்டரி வாங்கும் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொடுங்கள். சூடேறிக்கொண்டோ, புகைந்துகொண்டோ, உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டோ இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும், உள்ளே நின்று அணைக்கப் பார்க்காதீர்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்று ஃபோனில் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டியிருக்கும், அணைந்தது போல இருந்து பல மணி நேரம் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு.