நாக்கின் அடியில் கரையும் மாத்திரை: அரசு ஓ.எஸ்.டி. மையம் பற்றி எங்கள் அனுபவம்

என் தம்பி எட்டு மாதங்களாக நாள் தவறாமல் சென்றுவரும் அரசு மருத்துவமனையின் ஓ.எஸ்.டி. மையத்தை (ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையானவர்களுக்கு மாற்று மருந்து தரும் இடம்) பற்றி, எங்களைப் போல் தவிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பிரவுன் சுகர் என்னும் மட்டரக ஹெராயினில் தொடங்கி போதை ஊசிக்குப் போனவன் அவன்.

ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டம் என்பதால் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கியபின், செவிலியர் அந்த மாற்று மருந்தான பியூப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து அவன் நாக்கின் அடியில் இடுகிறார். அது முழுவதும் கரையும்வரை பேசாமல் பெஞ்சில் அமர்ந்திருந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டே அவன் வெளியேற முடியும். முதல் நாள், போதை கிடைக்காததால் வரும் உடல் தவிப்பு தொடங்கும்வரை மாத்திரை தர மறுத்ததால் அம்மா மருத்துவரிடம் சண்டையே போட்டார். ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால் தவிப்பு திடீரென முற்றிவிடும் என்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கியதை நாங்கள் மறக்கவில்லை.

முன்பெல்லாம் விடிந்ததும் கொட்டாவியும் மூக்கில் நீரும் தொடங்கிவிடும். அதன்பின் எப்படியாவது பணம் வேண்டும். கேஸ் சிலிண்டர், அம்மாவின் கம்மல், கடைசியில் பக்கத்து வீட்டு பைக்கின் பேட்டரி. மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டில் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. அடி, பூட்டு, காவல் நிலையம் எதுவும் செய்யாததை இந்த மாத்திரை செய்தது.

வழக்குக்குப் பயந்தே ஓராண்டை வீணாக்கினோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருப்பதையும், போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ (ஹெராயினுக்கு அது 5 கிராம் வரை) வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்பதையும், சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம் என்பதையும் ஆலோசகர்தான் சொன்னார். இதை மையத்தின் வாசலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு மணி வரைதான் மாத்திரை கிடைக்கும் என்பதால், எட்டு மணிக்குத் தொடங்கும் லோடு வேலையைத் தம்பி இழந்தான். வெளிநோயாளிகள் பார்க்கும்படி வராந்தாவில் நிற்க வைப்பதும் கொடுமை. ஒருமுறை இருப்பு குறைந்து பாதி அளவே தந்தார்கள். அன்றிரவு அவன் நடுங்கிக்கொண்டே, கதவை வெளியே பூட்டிவிடும்படி அவனே எங்களைக் கேட்டான். மாலையிலும் மையத்தைத் திறக்கக் கோரி இருமுறை மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.