சித்தியை ஓரமாக உட்காரவைத்த ஏரோபிக்ஸ் கிளாஸ்

டிசம்பரில் கோயமுத்தூர் போயிருந்தேன். பேங்க், ஆதார், கல்யாண வீடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை விடுங்கள். சித்தியை உடற்பயிற்சி கிளாசுக்குக் கூட்டிப்போனதைத்தான் சொல்ல வேண்டும்.

சித்திக்கு 67 வயது. சுகர் உண்டு, ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "தனியா நடக்கச் சலிப்பா இருக்குது கண்ணு, நாலு பேரோடன்னா வர்றேன்" என்றார். பக்கத்துத் தெருவில் ‘எல்லா வயதினருக்கும்’ என்று போர்டு வைத்த ஓர் இடம். போன் செய்தால், "தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார்கள். போனால் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சேவை தருபவர் தனியாராக இருந்தாலும் எல்லோரும் வந்துபோக வசதி வேண்டும் என்கிறது. சித்தி கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார்.

உள்ளே யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. பாட்டு போட்டார்கள், ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் குதிக்க, சித்தி அப்படியே நின்றுவிட்டார். மாஸ்டர் நல்ல பையன்தான். ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து, செருப்பு கிடந்த சுவரோரம் போட்டு, "நீங்க உக்காந்து பாருங்கம்மா" என்றார். மடியில் துண்டை வைத்துக்கொண்டு சித்தி கடைசிவரை வேடிக்கை பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அந்த நாற்காலி ஒன்றே போதும். டொராண்டோவில் எங்கள் வீட்டருகே கம்யூனிட்டி சென்டரில் நாற்காலியை வைத்துத்தான் முழு வகுப்பும் நடக்கிறது. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தால் தொடைக்குப் பலம். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றால் தடுமாற்றம் குறையும். உட்கார்ந்தபடியே பாட்டுக்குக் காலை மாற்றி மாற்றித் தூக்கினாலே மூச்சு வாங்கும். பயிற்சியாளர் முதலில் உட்கார்ந்து செய்து காட்டுவார், அப்புறம் நின்று, கடைசியில்தான் குதித்து. எளிதான வகை முதலில் வருவதால் யாருக்கும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் இல்லை. சேரும்போதே, பயிற்சிக்கு முன் உடல்நிலையைக் கேட்டறியும் ‘பார்-க்யூ’ படிவம் தருவார்கள். 1970களில் கனடாவில் உருவானது. இப்போது அதில் 7 அடிப்படைக் கேள்விகள்: இதய நோயா, நெஞ்சு வலியா, தலைசுற்றலா, என்ன மாத்திரை, எந்த மூட்டு என்று. அச்சடிக்கக்கூட வேண்டாம், சித்தியிடம் வாசலில் வாயால் கேட்டிருக்கலாமே!

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று. அது யாருக்கு அதிகம் வேண்டுமோ அவரையே ஓரமாக உட்காரவைக்கிறார்கள். முடிந்ததும் மாஸ்டரிடம் சொன்னேன். "இதெல்லாம் பிசியோகிட்ட போகணுங்க" என்றார். சித்தி பிசியோவை எப்போதோ முடித்துவிட்டார். அவருக்கு வேண்டியது நாலு பேரோடு சேர்ந்து கையை ஆட்டிச் சிரிக்க ஒரு காலை நேரம்.

அது கோயமுத்தூர்க்காரர்கள் காலையில் நடக்கப் போகும் ரேஸ்கோர்ஸில் கிடைத்தது. விடிகாலையில் அந்த நடைபாதையில் இன்னும் அதே காட்சிதான், சேலைக்கு ஷூ போட்ட அம்மாக்களும் அதே வேகமும். ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர் ஒருவர் காசு வாங்காமல் ஒரு கூட்டத்துக்குச் சொல்லித்தருகிறார். சித்தியைப் பார்த்ததும், "புதுசுங்களா? எங்கீங்க வலி?" என்றார். பெஞ்சின் முதுகைப் பிடிக்கச் சொல்லி, "எல்லாரும் இவங்க மாதிரியே முதல்ல செய்யுங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் கனடாவையே மறந்துவிட்டேன்.

ஊரில் அம்மா, அப்பாவைச் சேர்த்துவிட நினைப்பவர்கள், போனில் "வயசானவங்க வரலாமா" என்று கேட்காதீர்கள், வரலாம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை படி, கழிப்பறை எந்த மாடியில், குதிக்க முடியாதவருக்கு அந்த நேரத்தில் என்ன சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். பதில் வந்தாலும் ஒரு நாள் கூடவே போய் நின்று பார்த்த பிறகு கட்டுங்கள்.