மணல் சட்டியா, கேஸ் டார்ச்சா? ஸ்பிரிங்குக்கு நீலப் பதம் எதில் சரியாக வரும்

பழைய பெட்டிப் பூட்டு ஒன்றுக்கு ‘வி’ வடிவத் தட்டை ஸ்பிரிங் தேவைப்பட்டது. தேய்ந்துபோன கைரம்பத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டேன். இளகியதும் வெட்டி, நுனிப் பக்கம் மெலிசாக ராவி, வளைத்தேன்.

தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது, இரண்டு முறைக்கும் ஒன்றுதான். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு (ஏறக்குறைய 770 டிகிரி) மேல் இன்னும் கொஞ்சம் காய்ச்சி, எண்ணெயில் முக்க வேண்டும். அரம் போட்டால் வழுக்கும். வளைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். அந்தக் கடினத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் ஸ்பிரிங் உடையாமல் வளையும். அதற்கு மறுபடி 300 டிகிரி வாக்கில் காய்ச்சிப் பதத்தை இறக்க வேண்டும். சூடு ஏற ஏற எஃகின் மேல் நிறம் மாறிக்கொண்டே வரும்; ஸ்பிரிங்குக்கு நீலம் வரும்போது நிறுத்த வேண்டும். இதில்தான் டார்ச்சும் மணலும் பிரிகின்றன.

டார்ச்சில் இரண்டே நிமிட வேலை. ஆனால் சூடு சீராகப் பரவாது. என் முதல் ஸ்பிரிங்கில் மெலிந்த நுனி நீலத்துக்கு வந்தபோது மடிப்பு இன்னும் வைக்கோல் நிறத்தில்தான் இருந்தது. நாலாவது அமுக்கலில் அந்த மடிப்பிலேயே ‘டக்’கென்று போனது. அடுத்ததில் மடிப்பைத் துரத்திக் காய்ச்சினேன். அதற்குள் நுனி நீலத்தையும் தாண்டி வெளிர் சாம்பலாகிவிட்டது. அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது.

பிறகுதான் கடலை வறுக்கிற மாதிரி மணலில் இறங்கினேன். சலித்துக் காயவைத்த ஆற்று மணல், கனமான இரும்பு வாணலி, இரண்டு அங்குல ஆழம். அடிமணல் அதிகம் சுடும் என்பதால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டுப் புதைக்கவும். கறுப்பு ஒட்டியிருந்தால் நிறம் தெரியாது. அவ்வப்போது இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். வைக்கோல், பழுப்பு, ஊதா எல்லாம் நிதானமாக வந்தன. கடைசியில் மடிப்பிலிருந்து நுனிவரை ஒரே மயில்கழுத்து நீலம்! அப்படியே வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிட்டேன். வைஸில் இருபது தடவை அமுக்கிய பிறகும் வெர்னியர் அளவுகோலில் ‘வி’யின் வாய் அகலம் மாறவில்லை.

முக்கால் மணி நேரம் கேஸ் எரிகிறது, உண்மைதான். இரண்டு ஸ்பிரிங்கை ராவிய உழைப்பு வீணானபின் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

எண்ணெய் தடவிக் கொளுத்திப் பதம் இறக்குவதும் உண்டு. ஒரே தடவை செய்தேன், நன்றாகவே வந்தது; ஆனால் புகை தாங்காது, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நான் சொல்வதெல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட தட்டை ஸ்பிரிங்குக்கு. தடித்த கம்பிச் சுருளில் இன்னும் கை வைத்ததில்லை.