நாத்து லைட்டுக்கு வாங்கின டயல் டைமர், 5க்கு 4

டொராண்டோல இருக்கேன், மார்ச்ல பேஸ்மென்ட்ல எல்இடி லைட்டுக்கு அடில தக்காளி, கத்திரி, மிளகாய் நாத்து விட்டு மே மாசம் வெளிய எடுத்து வைக்கிறது வழக்கம், அந்த லைட்டுக்குத்தான் இந்த டைமர். ஆப் இல்ல வைஃபை இல்ல, ஒரு டயல், சுத்தி 96 பின், ஒரு பின் கால் மணி நேரம். அமுக்கின பின்னுக்கு லைட் எரியும், அவ்ளோதான்.

குறைய மொதல்ல சொல்லிடறேன். சைடுல ஒரு குட்டி சுவிட்ச், அதுல கை பட்டுட்டா டயல் பாட்டுக்கு சுத்தும் ஆனா லைட் அணையாது. போன வருஷம் அஞ்சு நாள் ராப்பகலா எரிஞ்சிருக்கு, தக்காளி இலையெல்லாம் மஞ்சளா வெளுத்துப் போச்சு. தக்காளிக்கு கொஞ்ச நேரமாவது இருட்டு வேணும், நான் உரம் பத்தலன்னு நெனச்சு அத வேற ஊத்திட்டு இருந்தேன். கரண்ட் போனாலும் டயல் நின்னுடும், பேட்டரி கிடையாது, நாமதான் திருப்பி வைக்கணும்.

மே நடுவுல இங்க பகல் கிட்டத்தட்ட பதினாலே முக்கால் மணி நேரம். உள்ள 16 மணி நேரம் எரிஞ்சத ரெண்டு நாளைக்கு ஒரு பின்னா குறைச்சு பத்து நாள்ல அதுக்குக் கொண்டு வந்தேன், வெளிய போறதுக்குள்ள நாத்து பழகட்டும்னு. குளிருதுன்னு தட்ட உள்ள தூக்கிட்டு வந்த அன்னைக்கும் மிச்ச நேரத்த லைட் பாத்துக்கிச்சு, இது உண்மையிலயே சவுகரியம்.

ஆனா தக்காளிக்கு இவ்ளோ மெனக்கெட்டதே வேஸ்ட்தான், கொஞ்சம் இருட்டு கிடைச்சா போதும், மத்தபடி அது பகல் நீளத்த பெருசா கண்டுக்கறதே இல்ல. வெளிய வச்சதும் இலை கருகுறது வெயில் உறைக்கறதால, மத்தியான வெயில்னா 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) பக்கம் வரும், நம்ம லைட்டெல்லாம் அது பக்கத்துல கூட நிக்காது. மொத நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் காலை வெயில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், அதுக்கு எந்த டைமரும் உதவாது, தட்ட தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான்.

மணிக்கணக்கு நெஜமாவே பாக்குறது அவரைக்காய்க் கொடிதான். ஊர்ல ஆடில விதைச்சா பகல் சுருங்கச் சுருங்க பூ எடுக்கும், இங்க ஜூன்ல பகலே 15 மணி நேரத்துக்கு மேல, கொடி வேலி தாண்டி பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு, பூ ஒண்ணு கூட இல்ல, செப்டம்பர் கடைசில மொட்டு விட்டுது, அதுக்குள்ள குளிர் வந்துடுச்சு. டைமர் என்ன பண்ணும் பாவம்.

வாங்கலாம். வாங்கினதும் அந்த சைடு சுவிட்ச் மேல ஒரு செலோடேப் ஒட்டிடுங்க.